வீட்டில் ஒரு நெட்வொர்க் லேப்: எதற்குக் காசு, எதற்கு வேண்டாம்

ஆறு மாதத்துக்கு முன்னால் சித்தி பையன் வாட்ஸப்பில் ஒரு பட்டியல் அனுப்பினான். சிஸ்கோ ரவுட்டர் மூன்று, சுவிட்ச் மூன்று, சீரியல் கேபிள் நான்கு, ஒரு சின்ன ரேக். எல்லாம் பழசு. மொத்தம் 32,000 ரூபாய். கீழே ஒரு வரி: "அண்ணே, சிசிஎன்ஏ படிக்க இது போதுமா? நாளைக்கு அட்வான்ஸ் கொடுக்கணும்."

உடனே போன் போட்டேன். "பணம் ஏதுடா?" என்றதும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னான், சித்தி ஒரு வளையலை வங்கியில் அடகு வைத்து 35,000 வாங்கிக் கொடுத்திருக்கிறார் என்று.

அவன் திருமங்கலம் பக்கம் ஒரு பிராட்பேண்ட் கம்பெனியில் ஃபீல்டு வேலை பார்க்கிறான். கம்பம் ஏறுவது, ஃபைபர் ஒட்டுவது, வீட்டுக்கு வீடு மோடம் மாட்டுவது. இதிலிருந்து, ஓர் அறையில் உட்கார்ந்து நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் வேலைக்கு மாற வேண்டும் என்பது அவன் ஆசை. அதற்குச் சிசிஎன்ஏ சான்றிதழ் ஒரு வாசல். தேர்வுக் கட்டணம் மட்டும் 300 டாலர், வரி தனி. லேபுக்கே ஒரு வளையல் போய்விட்டால் தேர்வுக்கு எது போகும்?

"அட்வான்ஸ் கொடுக்காதே, ரெண்டு நாள் பொறு" என்றேன். அந்த ரெண்டு நாளில் அவனுக்காக எழுதிய குறிப்புகளைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இதே குழப்பத்தில் இருக்கிற வேறு யாருக்காவது பயன்படும்.

நான் வாங்கிய இரும்பு

2012-ல் நானும் இதையேதான் செய்தேன். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ரெண்டு சனிக்கிழமை அலைந்து, 2600 வரிசை ரவுட்டர் ரெண்டும் கேட்டலிஸ்ட் 2950 சுவிட்ச் ரெண்டும் வாங்கி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நான் இருந்தது மாடியில் ஒற்றை அறை. நாலையும் ஓட விட்டதும் அறை முழுக்க ஃபேன் இரைச்சல். மூன்றாம் நாள் வீட்டுக்காரம்மா மேலே வந்து, "தம்பி, மாவு மிஷின் ஏதும் போட்டிருக்கீங்களா?" என்று கேட்டார்.

அடுத்தது கரண்ட் பில். நாலு பெட்டியும் சேர்ந்து சுமார் 150 வாட் இழுத்தன. ராத்திரி பகலாக ஓடினால் ஒரு நாளைக்கு 3.6 யூனிட். நம்மூரில் பில் ரெண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால் 216 யூனிட் கூடுதல். அந்த 216 மட்டும் என்றால் பரவாயில்லை. மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படியில் கிடைக்கும் சலுகைக் கட்டணமும் போய்விடும் என்பது பில் வந்த பிறகுதான் உறைத்தது.

கற்றுக்கொள்ளவில்லை என்று சொல்ல மாட்டேன். கன்சோல் கேபிள் போட்டு 9600 வேகத்தில் இணைப்பது, பழைய முதலாளியின் பாஸ்வேர்டு இருக்கும் பெட்டியைத் திறப்பது எல்லாம் அதில்தான் வந்தது. அது மின்வெட்டுக் காலம். சேமிக்காமல் விட்ட கான்ஃபிகரேஷன் கரண்ட் போனால் என்ன ஆகும் என்று வாரத்துக்கு ரெண்டு தடவை பாடம் நடந்தது.

ஆனால் முக்கியமான பாடம் வேறு இடத்தில், வேறு விலையில் கிடைத்தது.

2013-ல் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் ஒரு மாடியின் சுவிட்ச் செத்துப்போனது. புதுசு வர நாலு நாள் ஆகும் என்றார்கள். "என் வீட்டில் அதே மாடல் இருக்கு சார், கொண்டுவர்றேன்" என்று பெருமையாகச் சொல்லி, மறுநாள் காலை கொண்டுபோய் மாட்டினேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. எல்லா மாடியிலும் நெட்வொர்க் போய்விட்டது. அக்கவுண்ட்ஸ், போன், வருகைப் பதிவு மிஷின், எல்லாம்.

நடந்தது இதுதான். சிஸ்கோ சுவிட்ச்களில் விடிபி என்று ஒரு நெறிமுறை உண்டு. ஒரே கட்டடத்தில் இருக்கும் சுவிட்ச்கள் தங்களுக்குள் விலேன் பட்டியலைப் பரிமாறிக்கொள்ள அது வழி செய்கிறது. யாருடைய பட்டியல் புதியது என்று முடிவு செய்ய ஒரு திருத்த எண் இருக்கும். பட்டியலைத் தொடும் ஒவ்வொரு தடவையும் எண் ஒன்று ஏறும். பெரிய எண் வைத்திருப்பவர் சொல்வதே வேதம். நான் பயிற்சிக்காக அலுவலகக் கான்ஃபிகரேஷனை அப்படியே வீட்டு சுவிட்ச்சில் அடித்திருந்தேன். விடிபி பெயரும் பாஸ்வேர்டும் ஒன்றே. வீட்டில் விலேன்களை உண்டாக்குவதும் அழிப்பதுமாக விளையாடியதில் என் சுவிட்ச்சின் எண் அலுவலகத்தைவிட எங்கோ ஏறி இருந்தது. அதை மாட்டிய நொடியில், என் வீட்டின் அரைகுறைப் பட்டியலை மொத்த அலுவலகமும் ஏற்றுக்கொண்டது. பட்டியலில் இல்லாத விலேன்களின் போர்ட்டுகள் எல்லாம் செயலிழந்தன.

கண்டுபிடிக்க ரெண்டு மணி நேரம். சரிசெய்ய இருபது நிமிஷம். மாட்டுவதற்கு முன் விடிபி பெயரை வேறு ஏதாவதாக மாற்றி, திரும்பப் பழைய பெயரை வைத்திருந்தால் எண் பூஜ்யம் ஆகியிருக்கும். அரை நிமிஷ வேலை.

வேலை போகவில்லை. ஆனால் ஒரு விஷயம் நாள்கணக்கில் உறுத்தியது. ரெண்டு சுவிட்சும் எட்டு மாதமாக என் வீட்டில்தானே இருந்தன? ஒரு நாள்கூட "வெளியிலிருந்து ஒரு சுவிட்ச் உள்ளே வந்தால் என்ன ஆகும்?" என்று நான் செய்துபார்க்கவில்லை. புத்தகத்தில் இருந்ததைச் சரியாக அடித்து, சரியாக ஓடுவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன், அவ்வளவுதான். இதே விபத்தை இன்றைக்கு இலவசமாகக் கிடைக்கும் பாக்கெட் டிரேசரில் பத்து நிமிஷத்தில் நடத்திப் பார்க்கலாம்.

முதலில் தப்புகளின் பட்டியல்

அதனால் தம்பியிடம் நான் சொன்ன முதல் வேலை: "பெட்டிப் பட்டியலைக் கிழிச்சுப் போடு. உனக்குச் சரிசெய்யத் தெரியாத பத்து கோளாறை ஒரு பேப்பர்ல எழுது." ஒவ்வொரு கோளாறையும் உண்டாக்கிப் பார்க்க என்ன வேண்டும் என்று அப்புறம் யோசிப்போம். எழுதத் தெரியாததற்கு நான் உதவினேன். பட்டியல் இப்படி வந்தது:

1. டிரங்க் இணைப்பில் ஒரு விலேனை அனுமதிக்க மறந்துவிடுவது.
2. நான் செய்த விடிபி விபத்து.
3. ஸ்பானிங் ட்ரீயில் தப்பான சுவிட்ச் தலைமை ஏற்பது. எல்லாருக்கும் முன்னுரிமை எண் 32768 என்றே விட்டுவிட்டால், மேக் முகவரி சிறியதாக இருக்கும் சுவிட்ச் ரூட் ஆகும். பெரும்பாலும் அது இருப்பதிலேயே பழைய, மெதுவான சுவிட்சாக இருக்கும்.
4. வேறு விலேனில் இருக்கும் டிஹெச்சிபி சர்வருக்குக் கோரிக்கை போய்ச் சேராதது.
5. அனுமதிப் பட்டியலில் வரிகளின் வரிசை மாறி, வேண்டியதே தடைபடுவது.
6. ஓஎஸ்பிஎஃப் ஹலோ நேரம் ரெண்டு பக்கமும் வேறுபட்டு, அண்டை உறவே உருவாகாதது.
7. ஓஎஸ்பிஎஃபில் எம்டியூ அளவு வேறுபட்டு, உறவு பாதியில் தொங்குவது.
8. பிஜிபியில் அடுத்தவர் முகவரியை நம்முடையது என்று அறிவித்துவிடுவது.
9. ஒரு முனை ஃபுல் டூப்ளெக்ஸ், மறுமுனை ஹாஃப் டூப்ளெக்ஸ்.
10. அழுக்கு ஃபைபர், மோசமான கிரிம்ப், செத்த கேபிள்.

இப்போது பாருங்கள். பத்தாவது அவனுக்குத் தினசரிப் பிழைப்பு. அதில் அவன் எனக்குச் சொல்லித் தரலாம். ஒன்பதாவதற்கு மட்டும் நிஜப் பெட்டி வேண்டும். மீதி எட்டுக்கும் ஒரு ரேக் தேவையே இல்லை.

மூன்று வகை

லேப் என்றால் மூன்று வகை. பெயர்களைப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் இதை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது.

முதலாவது சிமுலேட்டர். சொப்புச் சாமானில் சமைப்பது மாதிரி. அடுப்பு, பானை, கரண்டி எல்லாம் இருக்கும். வரிசையும் முறையும் கற்றுக்கொள்ளலாம். சோறு மட்டும் வேகாது. பாக்கெட் டிரேசர் இந்த வகை. அதற்குள் சிஸ்கோவின் நிஜ இயங்குதளம் இல்லை. அது எப்படி நடந்துகொள்ளும் என்று எழுதிவைத்த ஒரு நிரல்தான் இருக்கிறது. எழுதிவைக்காத கட்டளையை அடித்தால் தெரியாது என்று சொல்லிவிடும்.

ரெண்டாவது எமுலேட்டர். இங்கே நிஜ ரவுட்டரின் நிஜ மென்பொருளே ஓடுகிறது. அதற்கு அடியில் இருக்கும் வன்பொருள் மட்டும் பாவனை. நிஜ அரிசி, அடுத்த வீட்டு அடுப்பு. ஜிஎன்எஸ்3, ஈவ்-என்ஜி, சிஸ்கோ மாடலிங் லேப்ஸ் எல்லாம் இந்தப் பக்கம்.

மூன்றாவது நிஜ வன்பொருள். ரிச்சி ஸ்ட்ரீட் இரும்பு.

சிசிஎன்ஏ அளவுக்கு, இந்த வரிசையிலேயே ஏறுவதுதான் பர்ஸுக்கு நல்லது. ஒரு படியில் முட்டி நின்றால் மட்டும் அடுத்த படிக்குக் காசு.

படி ஒன்று: பாக்கெட் டிரேசர்

சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் அகாடமியில் இலவசக் கணக்குத் தொடங்கினால் இறக்கிக்கொள்ளலாம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். தம்பியிடம் பிளஸ் டூ முடிக்கும்போது கிடைத்த அரசாங்க லேப்டாப் இருந்தது. 4 ஜிபி ராம். அதிலேயே ஓடியது. வேகமாக இல்லை, ஆனால் ஓடியது.

பட்டியலில் 1 முதல் 6 வரை எல்லாவற்றையும் இதிலேயே கெடுத்துச் சரிசெய்யலாம். வயர்லெஸ் கன்ட்ரோலர்கூட இருக்கிறது. அதை நிஜமாக வாங்கப் போனால் நம்மால் ஆகாது. இன்னொரு விஷயம், சிமுலேஷன் முறையில் ஒவ்வொரு பாக்கெட்டும் உறை மாதிரி கேபிளில் நகர்வதை நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம், பிரித்தும் படிக்கலாம். என் 2950 எட்டு மாதத்தில் இதை ஒருமுறைகூடக் காட்டவில்லை.

குறை என்ன? பிஜிபி அரைகுறைதான். எம்டியூ கோளாறை இதில் சரியாகப் பார்க்க முடியாது. லூப் விழுந்து பிராட்காஸ்ட் புயல் அடிக்கும்போது நெட்வொர்க் மூச்சுத் திணறுவதையும் உணர முடியாது. ஆனால் ஒன்று சொல்கிறேன்: பாக்கெட் டிரேசர் போதவில்லை என்று முதல் மாதத்தில் சொல்பவர், பெரும்பாலும் அதை இன்னும் திறந்து பார்க்காதவர்.

படி ஒன்றரை: லினக்ஸே ஒரு லேப்

இதை நம்மூர்ப் பயிற்சி மையங்களில் யாரும் சொல்லித்தருவதாகத் தெரியவில்லை. சாதாரண லினக்ஸ் கணினி ஒன்றுக்குள்ளேயே நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் என்ற வசதி இருக்கிறது. ஒவ்வொரு நேம்ஸ்பேஸும் தனக்கென்று இணைப்புகளும் வழித்தட அட்டவணையும் கொண்ட தனி ரவுட்டர் மாதிரி நடந்துகொள்ளும். ரெண்டை இணைக்க மெய்நிகர் கேபிள் போடலாம். அதன் மேல் எஃப்ஆர்ரவுட்டிங் என்ற இலவச மென்பொருளை ஏற்றினால் ஓஎஸ்பிஎஃப், பிஜிபி எல்லாம் நிஜமாகவே ஓடும். பாவனை கிடையாது, பெரிய நிறுவனங்களும் பயன்படுத்தும் நிரல் அது. கட்டளைகளும் சிஸ்கோ பாணியிலேயே இருக்கும். ஒரு ரவுட்டருக்குச் சில பத்து எம்பி நினைவகம் போதும். 4 ஜிபி லேப்டாப்பில் பத்து ரவுட்டர் போடலாம்.

எட்டாவது கோளாறை இதில்தான் செய்தோம். அதற்கு ஒரு நிஜச் சம்பவத்தையே எடுத்துக்கொண்டோம். 2008 பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தான் டெலிகாம் தன் நாட்டுக்குள் யூடியூபைத் தடுக்கப் போய், 208.65.153.0/24 என்ற முகவரித் தொகுதியைத் தன்னுடையதாக பிஜிபியில் அறிவித்தது. யூடியூப் அப்போது அறிவித்திருந்தது 208.65.152.0/22. இணையத்தின் விதி எளியது: எந்த அறிவிப்பு கூடுதல் குறிப்பானதோ அதுவே ஜெயிக்கும். தெருப் பெயரைச் சொல்பவரைவிட வீட்டு எண் சொல்பவரைத் தபால்காரர் நம்புவதில்லையா, அது மாதிரி. அந்த அறிவிப்பை மேலே இருந்த பிசிசிடபிள்யூ நிறுவனம் சோதிக்காமல் உலகத்துக்குக் கடத்தியது. சுமார் ரெண்டு மணி நேரம் யூடியூபுக்குப் போக வேண்டிய போக்குவரத்து பாகிஸ்தானுக்குப் போனது.

நாலு நேம்ஸ்பேஸ்: யூடியூப், பாகிஸ்தான் டெலிகாம், பிசிசிடபிள்யூ, வேறொரு நாட்டில் வீடியோ பார்ப்பவர். யூடியூப் /22 அறிவிக்கிறது, எல்லாம் நலம். அடுத்து பாகிஸ்தான் /24 அறிவிக்கிறது. பார்ப்பவரின் அட்டவணையில் பாதை கண்ணெதிரே திரும்புகிறது. யூடியூப் அன்று செய்த மாதிரியே நாமும் /25 ரெண்டு அறிவித்தால் பாதை மீண்டும் யூடியூப் பக்கம் திரும்புகிறது. அப்புறம் பிசிசிடபிள்யூவில் ஒரு வடிகட்டி போட்டு, இது முதலிலேயே நடக்காமல் தடுக்கிறோம். வெளி இணையத்தோடு தொடர்பில்லாத லேபுக்குள் என்பதால் யாருக்கும் ஆபத்தில்லை. செலவு: பூஜ்யம். தம்பி அன்று ராத்திரி ஒரு மணி வரை தூங்கவில்லை.

படி ரெண்டு: எமுலேட்டரும் ராம் கணக்கும்

தேர்வுக்கு நிஜ சிஸ்கோ இயங்குதளத்தில் கை பழக வேண்டும் என்றால் இந்தப் படி. இங்கே செலவு என்பது ராம்தான்.

கணக்கு இதுதான். சிஸ்கோவின் ஐஓஎஸ்வி ரவுட்டருக்கு ஒன்றுக்கு 512 எம்பி. ஐஓஎஸ்விஎல்2 சுவிட்ச்சுக்கு 768 எம்பி. மூன்று ரவுட்டர், மூன்று சுவிட்ச் போட்டால் 4 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு. அதோடு விண்டோஸ், லேப் மென்பொருள் என்று சேர்த்தால் 16 ஜிபி கணினி வசதியாக இருக்கும். சிஎஸ்ஆர்1000வி மாதிரி பெரிய ரவுட்டர் என்றால் ஒன்றுக்கே 3, 4 ஜிபி கேட்கும். ஜூனிபரின் விஜூனோஸ் சுவிட்ச் இலவசம்தான், ஆனால் ஒன்றுக்கு 5 ஜிபி. அந்தப் பக்கம் போகிறவர்கள் 32 ஜிபிக்கு மேல் யோசிக்க வேண்டும். சிசிஎன்ஏவுக்கு அது தேவையில்லை.

ஜிஎன்எஸ்3 முழுக்க இலவசம். ஈவ்-என்ஜியில் சமூகப் பதிப்பு இலவசம், பிரவுசரிலேயே வேலை செய்யலாம். ஆனால் ரெண்டுமே காலிப் பாத்திரங்கள். ரவுட்டரின் மென்பொருளை நாம்தான் போட வேண்டும், சிஸ்கோ மென்பொருளுக்கு உரிமம் வேண்டும். டெலிகிராமில் கிடைக்கிறது என்று பலர் சொல்வார்கள். சட்டப்படி தப்பு என்பது ஒரு பக்கம். எவரோ பிரித்துக் கட்டிய கோப்பை, வங்கிக் கணக்கு பார்க்கும் அதே கணினியில் ஓட்டுவது இன்னொரு பக்கம்.

நேர் வழி சிஸ்கோ மாடலிங் லேப்ஸ். தனிநபர் பதிப்பு வருஷத்துக்கு 199 டாலர், ஒரே நேரத்தில் 20 பெட்டி ஓட்டலாம். அது எல்லாருக்கும் கட்டுப்படியாகாது. ஆனால் இப்போது 5 பெட்டி வரை ஓட்டக்கூடிய இலவசப் பதிப்பு ஒன்றும் இருக்கிறது, மென்பொருளும் அதனுடனேயே உரிமத்தோடு வருகிறது. அஞ்சு பெட்டி கம்மி என்று தோன்றும். எம்டியூ கோளாறுக்கு ரெண்டு பெட்டி போதும். ஸ்பானிங் ட்ரீக்கு மூன்று போதும். சிசிஎன்ஏவில் அஞ்சைத் தாண்ட வேண்டிய பாடம் மிகக் குறைவு.

கணினி வாங்கும்போது

புதுசு வேண்டாம். அலுவலகங்கள் கழித்துவிடும் குட்டி டெஸ்க்டாப்கள் பழைய கணினிக் கடைகளில் நிறையக் கிடைக்கின்றன. புத்தகம் அளவுக்குத்தான் இருக்கும், சத்தம் போடாது, சும்மா இருக்கும்போது ஒரு பல்பு அளவுக்குத்தான் கரண்ட் இழுக்கும். கடையில் நின்றபடியே பார்க்க வேண்டியவை:

பிராசசர் எண்ணின் கடைசியில் டி என்று இருந்தால் கரண்ட் குறைவாக இழுக்கும் ரகம். ஐ5-6500டி என்றால் 4 கோர், ஐ5-8500டி என்றால் 6 கோர். லேபுக்கு கோர் எண்ணிக்கை முக்கியம்.

ராம் ஸ்லாட் எத்தனை, எதில் எவ்வளவு என்று பாருங்கள். ஒரே ஸ்லாட்டில் 16 இருந்து மற்றது காலி என்றால் நாளைக்கு ஏற்றிக்கொள்ளலாம். குட்டிக் கணினிகளில் லேப்டாப் ராம்தான் பொருந்தும் என்பதையும் மறக்க வேண்டாம்.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியுவைச் சொடுக்கினால் விர்ச்சுவலைசேஷன் என்று ஒரு வரி இருக்கும். அது இயங்கும் நிலையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பயாஸில் போய் இயக்கித் தரச் சொல்லுங்கள். பயாஸுக்குப் பாஸ்வேர்டு போட்டிருந்து, கடைக்காரருக்கும் அது தெரியாது என்றால், அந்தக் கணினியை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

ஹார்டு டிஸ்க் வேண்டாம், எஸ்எஸ்டிதான். அஞ்சு ரவுட்டர் ஒரே நேரத்தில் எழும்போது வித்தியாசம் தெரியும்.

படி மூன்று: எவ்வளவு இரும்பு போதும்

நிஜப் பெட்டியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எமுலேட்டரின் கேபிளுக்கு டூப்ளெக்ஸ் கிடையாது, தூசி கிடையாது, அது பாதி அவிழாது. டூப்ளெக்ஸ் பொருந்தாத இணைப்பு அறுந்துபோவதில்லை, ஓடிக்கொண்டே நொண்டும். பிங் போகும், பெரிய ஃபைல் மட்டும் நத்தையாக நகரும், பிழை எண்ணிக்கை மெல்ல ஏறும். இதை ஒருமுறை நிஜத்தில் பார்த்தவர் மறக்க மாட்டார். லூப் விழுந்த சுவிட்ச்சில் எல்லா விளக்கும் ஒன்றாகப் படபடப்பதும் அப்படித்தான்.

அதற்கு ஒரே ஒரு பழைய 2960 போதும். ஒரு கன்சோல் கேபிள். ரவுட்டிங்கும் நிஜத்தில் வேண்டும் என்றால் மைக்ரோடிக்கின் சின்னப் பெட்டி ஒன்று. ஓஎஸ்பிஎஃப், பிஜிபி எல்லாம் அதிலேயே உண்டு, வீட்டு இணையத்துக்கும் பயன்படும். பழைய சுவிட்ச் வாங்கும்போது கடையிலேயே கரண்ட் கொடுத்து முழுசாக எழுகிறதா என்று பாருங்கள். ரெண்டு மூன்று போர்ட்டில் லேப்டாப்பைச் செருகி விளக்கு எரிகிறதா பாருங்கள். பாஸ்வேர்டு இருந்தால் பயப்பட வேண்டாம். முன்பக்க மோடு பொத்தானை அழுத்தியபடி கரண்ட் கொடுத்தால் உள்ளே போகும் வழி உண்டு. உள்ளே போனதும் பழைய கான்ஃபிகரேஷனோடு விலேன் கோப்பையும் சேர்த்து அழித்துவிடுங்கள். ஏன் என்று மேலே சொல்லியாகிவிட்டது.

சித்தியின் வளையல்

குறிப்புகளை அனுப்பிய மறுநாள், 35,000-ல் 31,000-ஐ வங்கியிலேயே திருப்பிக் கட்டிவிட்டான். 4,000-ஐ மட்டும் கையில் வைத்துக்கொண்டு, மதுரையில் ஒரு பழைய 2960-ஐ 2,800-க்கும் கன்சோல் கேபிளை 450-க்கும் வாங்கினான். முதல் மூன்று மாதம் அந்த அரசாங்க லேப்டாப்பும் இந்த ஒரு சுவிட்சும்தான் அவன் லேப். வேலை முடிந்து வந்து ராத்திரி ஒன்பது முதல் பதினொன்று வரை. நாலாம் மாதம்தான் 16 ஜிபி போட்ட குட்டி டெஸ்க்டாப் வாங்கினான், 14,000 ரூபாய். அது அவன் சம்பளத்தில் சேர்த்தது.

சித்திக்கு இதில் கொஞ்சம் வருத்தம் என்று நினைக்கிறேன். போனில், "நிறையப் பெட்டி வாங்குவான்னு பார்த்தேன். ஒண்ணே ஒண்ணை வெச்சிக்கிட்டு உக்காந்திருக்கான். நீ சொன்னா சரியாத்தான்பா இருக்கும்" என்றார். வளையல் அடுத்த வாரமே கைக்கு வந்துவிட்டது என்பதையும் அவரேதான் சொன்னார்.

போன வாரம் ராத்திரி தம்பியிடமிருந்து ஒரு படம் வந்தது. ரெண்டு ரவுட்டருக்கு நடுவே ஓஎஸ்பிஎஃப் உறவு எக்ஸ்ஸ்டார்ட் நிலையிலேயே தொங்கிக்கொண்டிருக்கிறது. அவனோடு படிக்கும் ஒரு நண்பன், அவனுக்குத் தெரியாமல் ஒரு பக்கத்து எம்டியூவைக் குறைத்துவைத்துவிட்டு "கண்டுபிடி" என்று சொல்லியிருக்கிறான். பிங் போகிறது, ஹலோ வருகிறது, உறவு மட்டும் முழுமை அடையவில்லை. படத்துக்குக் கீழே: "நாப்பது நிமிஷம் ஆச்சுண்ணே. ஆனா நானே புடிச்சேன்."

தேர்வு தேதி இன்னும் போடவில்லை. கட்டணத்துக்குச் சேர்த்துக்கொண்டிருக்கிறான். பத்தில் தொடங்கிய கோளாறுப் பட்டியல் இப்போது இருபத்து மூன்று. கடைசி நாலும் அவனாக எழுதியவை. அதில் ஒன்றுக்கு எனக்கே இன்னும் பதில் தெரியவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரும் உட்கார்ந்து அதைக் கெடுத்துப் பார்ப்பதாக இருக்கிறோம்.